வேகத்தின் கடிவாளம் யார் கையில்?

“ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் அண்ணா, கணினித் துறை சார்ந்து இருந்தால் நன்றாக இருக்கும்” என்று இதழ்க் குழுவைச் சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டபோது முதலில் தயங்கினேன். தமிழ்மொழிக் கழகத்தின் மலரில் மொழி, இலக்கியம், சமுதாயம் ஆகியவற்றைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். கணினியின் அடிவயிற்றில் யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் ஒரு சிறிய மென்பொருளைப் பற்றி எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனால், அந்தப் பகுதியைப் பற்றிய அறியாமையால் ஒரு தம்பியின் கல்விக் கடன் பணத்தில் 2,800 ரிங்கிட் வீணாகப் போகவிருந்தது. அப்படிச் செலவு செய்யும்படி அவனுக்கு அறிவுரை கூறியவன் நானேதான். ஆகவே எழுதத் துணிந்தேன்.

2022ஆம் ஆண்டு நடந்தது இது. தம்பி அப்போது மூன்றாம் ஆண்டு மாணவன். சுங்கை பட்டாணியைச் சேர்ந்தவன். அக்காள் நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய மடிக்கணினியைத்தான் அவன் வைத்திருந்தான். முன்னாள் மாணவர் விருந்து ஒன்றில் என்னைக் கண்டதும் பையிலிருந்து அதை எடுத்துவிட்டான்.

“அண்ணே, ரொம்ப மெதுவா இருக்கு. ஒரு பாடக்குறிப்பத் தொறக்கவே ரெண்டு நிமிசம் ஆவுது. வைரஸ் எல்லாம் பாத்தாச்சு. விண்டோசையும் புதுசா போட்டாச்சு. கடையில 180 வெள்ளி கட்டி மெமரியும் கூட்டியாச்சு. ஒண்ணும் மாறல.”

நான் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே நத்தை வேகம்தான். “வயசாயிடுச்சு தம்பி, இதுக்கு மேல காசு போடாத, புதுசா ஒண்ணு வாங்கிடு” என்று சொல்லிவிட்டு உணவு எடுக்கப் போய்விட்டேன். கணினித் துறையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவன் சொன்ன சொல்லாயிற்றே! தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பி.டி.பி.டி.என். கடனுதவியின் அந்தப் பருவத் தொகை அப்போதுதான் கணக்கில் ஏறியிருந்தது. சனிக்கிழமை கடைக்குப் போவதாக முடிவாயிற்று.

வியாழக்கிழமை இரவு தம்பி எனக்கு அழைத்தான். எந்த மாதிரி வாங்கலாம் என்று கேட்கத்தான் அழைத்தான். பேச்சோடு பேச்சாக, அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர்.

“ஏன் மெதுவா போவுதுன்னு பாத்தியாடா? என் லோரியில ஏதாச்சும் கோளாறு வந்து இன்ஜின் பவர் கொறஞ்சா, டேஷ்போர்டுல வெளக்கு எரியும். ஒன் மிசின்ல ஒண்ணும் எரியலயா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு லோரி ஓட்டுநர் கேட்டிருந்தார். மறுநாள் மாலை, லினக்ஸ் ஏற்றிய ஒரு விரலியை எடுத்துக்கொண்டு தம்பியின் விடுதிக்குப் போனேன்.

800000 என்ற எண்

லினக்ஸ் இயங்குதளத்தில், நுண்செயலியின் வேகத்தைப் பற்றிய விவரங்கள் ‘சிபியுஃப்ரெக்’ என்ற அடைவில் சிறுசிறு கோப்புகளாகக் கிடைக்கும். அதிகபட்ச வேகம் என்ன என்ற கோப்பைத் திறந்தேன். 3100000 என்று இருந்தது. இது கிலோஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது 3.1 கிகாஹெர்ட்ஸ். முழு வேகத்தில் ஓடு என்று கட்டளையிட்டேன். கனமான ஒரு கணக்கையும் கொடுத்தேன். பிறகு, இப்போதைய வேகம் என்ன என்ற கோப்பைத் திறந்தேன். 800000. மீண்டும் திறந்தேன். அதே 800000. இயங்குதளம் 3.1 கிகாஹெர்ட்ஸ் கேட்கிறது; அதற்கும் கீழே இருக்கும் யாரோ 0.8க்கு மேல் தர மறுக்கிறார்கள்.

அப்போதுதான் மேசைமேல் இருந்த சார்ஜரைக் கவனித்தேன். அது மடிக்கணினியோடு வந்த சார்ஜர் அன்று. பழையதன் கம்பி அறுந்துபோனதால் இரவுச் சந்தையில் 45 ரிங்கிட்டுக்கு வாங்கியதாம். சில மடிக்கணினிகளின் சார்ஜருக்குள் ஒரு சிறிய சில்லு உண்டு. “நான் இத்தனை வாட் தரக்கூடியவன்” என்று அது கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளும். அந்த அறிமுகம் கிடைக்காவிட்டால், “இந்த சார்ஜரை நம்ப முடியாது, அதிக மின்சாரம் இழுத்தால் ஆபத்து” என்று கணினியின் ஃபர்ம்வேர் முடிவு செய்து, நுண்செயலியை ஆகக் குறைந்த வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். பக்கத்து அறை நண்பரிடம் அதே நிறுவனத்தின் அசல் சார்ஜர் இருந்தது. அதை வாங்கிச் செருகினோம். கோப்பை மீண்டும் திறந்தேன். 2900000.

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அசல் சார்ஜரின் விலை 160 ரிங்கிட். மீதி 2,640 ரிங்கிட் அவன் கணக்கிலேயே தங்கியது. வயதாகிவிட்டதாக நான் தீர்ப்பளித்த அந்த மடிக்கணினியில்தான் அவன் தன் இறுதியாண்டு ஆய்வேட்டையும் எழுதி முடித்தான்.

வேகத்திற்குக் கொடுக்கும் விலை

நடந்ததை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் படிவக் கணக்குதான்.

நுண்செயலி என்பது கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் கூட்டம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப அவை திறந்து மூடுகின்றன. ஒரு விநாடியில் எத்தனை துடிப்பு என்பதே அதிர்வெண். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறிதளவு மின்னாற்றல் செலவாகிறது. இப்படிச் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணோடு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. ‘இருமடி’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்தால், அதே வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். திறந்து மூடுவதற்காகச் செலவாகும் மொத்த மின்னாற்றல் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். ஆனால், வேகம் குறைவாக இருக்கும்போது டிரான்சிஸ்டர்களுக்கு அவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படாது. அதையும் சேர்த்துக் குறைத்தால்தான் உண்மையான சேமிப்பு. 1994ஆம் ஆண்டிலேயே மார்க் வைசர் முதலிய செராக்ஸ் ஆய்வாளர்கள் இந்தச் சிந்தனையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஓடி முடித்துவிட்டுச் சும்மா நிற்பதைவிட, தேவையான அளவுக்கு மெதுவாக நடப்பது சிக்கனம் என்பதே அதன் சாரம்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மடிக்கணினிக்கான அன்றைய பென்டியம் 3 நுண்செயலி, மின்செருகியில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்திலும் 1.6 வோல்ட் அழுத்தத்திலும் ஓடியது. மின்கலத்துக்கு மாறியதும் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் 23 விழுக்காடுதான் குறைகிறது. மின்திறனோ ஏறத்தாழ 45 விழுக்காடு குறைகிறது. இருமடியின் மகிமை அதுதான். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி முதல் வானிலையைக் கணிக்கும் மீத்திறன் கணினிவரை எல்லாமே இந்தக் கணக்கின்மீதுதான் நிற்கின்றன.

இயக்கியும் ஆளுநரும்

சரி, எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது என்று முடிவு செய்வது யார்?

லினக்ஸில் இதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் இயக்கி, அதாவது டிரைவர். மற்றொருவர் ஆளுநர், அதாவது கவர்னர். பினாங்குவாசிகள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மென்பொருள் உலகில் அப்படித்தான் பெயர்! ஆளுநர் கொள்கை வகுப்பவர். என்ன வேகம் வேண்டும் என்று சொல்பவர். இயக்கியோ அந்தந்த நுண்செயலியின் சுபாவம் அறிந்தவர். சொன்ன வேகத்தை வன்பொருளில் நிறைவேற்றித் தருபவர்.

இயக்கியின் வேலை பார்ப்பதற்கு எளிது, ஆனால் பிசகினால் கணினியே நின்றுவிடும். வேகத்தைக் கூட்டும்போது முதலில் மின்னழுத்தத்தை உயர்த்தி, அது நிலைபெற்ற பிறகுதான் அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும். குறைக்கும்போது முதலில் அதிர்வெண்ணை இறக்கிவிட்டுப் பிறகுதான் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வரிசை மாறினால், போதிய அழுத்தமில்லாமல் வேகமாக ஓடும் ஒரு கணம் நேர்ந்துவிடும். அந்தக் கணத்தில் டிரான்சிஸ்டர்கள் நேரத்துக்கு வேலையை முடிக்காது. இரண்டும் இரண்டும் ஐந்தாகலாம், அல்லது திரை உறைந்து போகலாம். ஒரு விநாடிக்குள் பலமுறை இந்த மாற்றம் நடந்தும் நாம் எதையும் உணர்வதில்லை என்றால், அது இயக்கியை எழுதியவர்களின் திறமை.

ஆளுநர்களின் கதை இன்னும் சுவையானது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில் சிபியுஃப்ரெக் இடம்பெற்றது. எப்போதும் முழு வேகம் என்பவர் ஒருவர், எப்போதும் ஆகக் குறைந்த வேகம் என்பவர் இன்னொருவர். 2004இல் ‘ஆன்டிமாண்ட்’ வந்தார். இவர் குறித்த இடைவெளியில் நுண்செயலியை எட்டிப் பார்ப்பார். வேலை மிகுந்திருந்தால் உடனே உச்சத்துக்குத் தாவுவார், ஓய்வாக இருந்தால் இறக்குவார். 2005இல் வந்த ‘கன்சர்வேடிவ்’ தாவமாட்டார், படிப்படியாக ஏறுவார். 2016இல் வந்த ‘ஸ்கெட்யூட்டில்’ எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். எந்த வேலை எப்போது ஓடும் என்று வரிசைப்படுத்தும் கெர்னல் பகுதியிடமே நேராகக் கேட்டு முடிவெடுப்பார்.

இவை வெறும் தொழில்நுட்ப வேறுபாடுகளா? நான் அப்படி நினைக்கவில்லை. மின்கலம் முக்கியமா, பயனரின் காத்திருப்பு முக்கியமா, சூடு முக்கியமா என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆளுநரும் ஒரு விடை வைத்திருக்கிறார். நம் நேரத்தையும் நம் மின்சாரத்தையும் எப்படிச் செலவிடுவது என்று நமக்காக வேறொருவர் முடிவு செய்கிறார். லினக்ஸின் சிறப்பு என்னவென்றால், அந்த முடிவு எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிடிக்காவிட்டால் வேறோர் ஆளுநரை நியமிக்கலாம்.

ஆனால் அதிகாரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. 2015இல் வந்த இன்டெலின் ஆறாம் தலைமுறை நுண்செயலிகள் தொடங்கி, வேகத்தை வன்பொருளே தீர்மானிக்கும் முறை பரவிவிட்டது. இயங்குதளம் இப்போது ‘இந்த எல்லைக்குள், கொஞ்சம் சிக்கனமாக’ என்பதுபோல் குறிப்பு மட்டும் கொடுக்கிறது. வன்பொருளால் நம்மைவிட விரைவாக முடிவெடுக்க முடியும் என்பது உண்மை. அந்த முடிவெடுக்கும் விதி நம்மால் படிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்பதும் உண்மை.

சொல்லாமல் செய்தவர்கள்

இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்ட விரும்புகிறேன்.

முதலாவது, ஐபோன். மின்கலம் தேய்ந்த கைத்தொலைபேசியால் திடீரென்று அதிக மின்சாரம் தர முடியாது. நுண்செயலி உச்ச வேகத்துக்குப் போக முயன்றால் கருவியே அணைந்துவிடும். இதைத் தடுக்க 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில், தேய்ந்த மின்கலம் உள்ள சில மாதிரிகளின் உச்ச வேகத்துக்கு ஆப்பிள் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. பொறியியல் நோக்கில் நியாயமான தீர்வுதான். ஆனால் வேகம் குறைக்கப்படுகிறது என்றோ, மின்கலத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றோ பயனர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், மின்கலத்தை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடுகிறது என்பதைப் பயனர்களே கண்டறிந்து வெளியிட்டனர். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018இல் மின்கலத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தையும், கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியையும் தந்தது. 2020இல் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தனர். அந்த ஓராண்டுக்குள் ‘வயதாகிவிட்டது’ என்று நினைத்துப் புதிய தொலைபேசி வாங்கியவர்கள் எத்தனை பேரோ? என் தம்பிக்கு நேரவிருந்ததும் அதுவேதான்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. 2024ஆம் ஆண்டில், இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் பல காரணமின்றி முடங்கிப்போவதாகப் புகார்கள் குவிந்தன. நுண்செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோடு தவறான மின்னழுத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறது என்று ஜூலை மாதம் அந்நிறுவனம் அறிவித்தது. தேவைக்கு மேற்பட்ட அழுத்தத்தால் நுண்செயலி உள்ளுக்குள் சேதமடைந்து வந்திருக்கிறது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே சேதமடைந்த நுண்செயலியை எந்தத் திருத்தமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எவ்வளவு அழுத்தம் என்று கேட்டுப் பெறும் அந்த விதி, அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

எதிர்வாதமும் என் பதிலும்

“எல்லாவற்றையும் பயனர் கையில் கொடுத்துவிட்டால் ஆபத்து இல்லையா?” என்று என் சக பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2017இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘கிளாக்ஸ்க்ரூ’ என்ற தாக்குதலைச் செய்து காட்டினர். ஒரு கைத்தொலைபேசியின் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் மென்பொருள் வழியாகவே எல்லை மீறச் செய்து, நுண்செயலியைத் தவறிழைக்க வைத்து, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்த மறைகுறியீட்டுச் சாவியை வெளியே எடுத்தனர். 2019இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பெயரில், மின்னழுத்தத்தைக் குறைத்து இன்டெல் நுண்செயலிகளிலும் இதேபோல் சாதித்தனர். அதன்பின் வந்த புதுப்பிப்புகளால், சூட்டைக் குறைப்பதற்காகத் தங்கள் மடிக்கணினியின் மின்னழுத்தத்தைச் சற்றே இறக்கி வைத்திருந்த சாதாரணப் பயனர்கள் பலரும் அந்த வசதியை இழந்தனர்.

ஆகவே, கடிவாளத்தை அப்படியே அவிழ்த்துவிடுங்கள் என்று நான் வாதாட வரவில்லை. எல்லைகள் வேண்டும். நம்ப முடியாத சார்ஜரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்த அந்த ஃபர்ம்வேரையும் நான் குறை சொல்லவில்லை. அது தம்பியின் அறையில் ஒரு தீ விபத்தைத் தவிர்த்திருக்கவும் கூடும். என் குறையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அது வாய் திறக்கவில்லை.

விண்டோசில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நுண்செயலியின் இப்போதைய வேகம் தெரியும். அன்று விருந்தில் நான் அதைத் திறந்திருந்தாலே 0.8 என்ற எண் கண்ணில் பட்டிருக்கும். திறக்காதது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண் தெரிந்தாலும் காரணம் தெரியாது. சூட்டினாலா, சார்ஜரினாலா, தேய்ந்த மின்கலத்தினாலா, யாரோ தேர்ந்தெடுத்த சிக்கன முறையினாலா? இதைத் தெரிந்துகொண்டு செயல்படும் ஃபர்ம்வேருக்கு, அதை ஒரு வரியில் திரையில் எழுதுவது பெரிய காரியம் இல்லை. ‘சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை, வேகம் குறைக்கப்பட்டுள்ளது.’ இந்த ஒரு வரி இருந்திருந்தால், நினைவகத்துக்குக் கொடுத்த 180 ரிங்கிட்டும் மிஞ்சியிருக்கும்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குறைத்ததையும் குறைத்த காரணத்தையும் உரிமையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஆபத்தில்லாத எல்லைக்குள், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அந்த எல்லையை வகுக்கும் விதிகள், வெளியார் படித்துப் பிழை கண்டுபிடிக்கும்படி திறந்திருக்க வேண்டும். லோரியில் எரியும் சிவப்பு விளக்கு கணினியிலும் எரியட்டும். இதைவிடப் பெரிதாக நான் எதையும் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

இதில் தமிழ் மாணவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்குச் சொந்தமாக ஒரு காரணம் உண்டு.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது நம் பினாங்கில்தான், 1972ஆம் ஆண்டில். அதைத் தொடர்ந்து பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் எத்தனையோ மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. என் அம்மா அவற்றுள் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் இரவு ஷிஃப்டில் வேலை செய்தவர். நுண்பெருக்காடியில் சில்லுகளைப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் சோர்ந்துபோயின. வீட்டுக்கு வந்து, “என்னம்மா அது, என்ன செய்யும்?” என்று நான் கேட்டால், “யாருக்குத் தெரியும்? நல்லதா கெட்டதான்னு மட்டும் பாக்கச் சொல்லியிருக்காங்க” என்பார். அந்தத் தலைமுறை சில்லைத் தொட்டது. அதற்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நாம் பயன்படுத்துகிறோமா? இறுதியாண்டுத் திட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு வலைத்தளம், இல்லையென்றால் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செயலி என்பதோடு நின்றுவிடுகிறோம். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும், அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நம்மில் ஒருசிலராவது முன்வர வேண்டாமா? லினக்ஸ் கெர்னலில் சிபியுஃப்ரெக் பகுதியின் மூலநிரல் அனைவருக்கும் இலவசம். ஓர் ஆளுநரின் நிரலை ஒரு வார விடுமுறையில் படித்து விடலாம். புரியாத இடங்கள் வரும். வரட்டும். கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

மற்றத் துறை மாணவர்களுக்கும் பங்கு உண்டு. நம் வீடுகளில் கருவி மெதுவானால் உடனே ‘பழசாயிடுச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன்பின் தவணையில் புதியது வருகிறது. அடுத்த முறை உங்கள் அம்மாவின் கைத்தொலைபேசியோ தம்பியின் மடிக்கணினியோ திணறினால், வாங்கச் சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். வேகம் இப்போது எவ்வளவு? சார்ஜர் அசல்தானா? மின்கலத்தின் நிலை என்ன? காற்றுப்போக்கியில் தூசு அடைத்துச் சூடேறுகிறதா? இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தமிழில் கேட்கலாம், தமிழில் விளக்கவும் செய்யலாம். அதிர்வெண், மின்னழுத்தம், இயக்கி என்று நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. பாடநூலில் மட்டும் கிடக்கும் அவற்றை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வருவது மொழிக்குச் செய்யும் தொண்டுதான். இம்மலரில் இக்கட்டுரைக்கு இடம் கேட்கும் துணிவு எனக்கு வந்ததும் அதனால்தான்.

தம்பி படிப்பை முடித்து இப்போது வேலைக்குப் போகிறான். முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தானாம். அவர் அதைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“பழசுக்கு என்னாச்சுன்னு பாத்துட்டுத்தானே வாங்கின?”